டிரம்மில் கல்லோடு எதைப் போடுவது? கூழாங்கல், பீங்கான், பிளாஸ்டிக், உமி

11 ஜூன் 2023

கல்லையும் தேய்க்கும் பொடியையும் தண்ணீரையும் போட்டு வாரக்கணக்கில் சுற்றவிடுகிற கல் மெருகேற்றும் டிரம்மில், கல்லோடு சேர்த்து நீங்கள் எதைப் போடுகிறீர்கள்? வீடியோக்களில் பார்த்தால் எல்லோரும் வெள்ளைப் பீங்கான் மணியைக் கொட்டுகிறார்கள். அது நமக்குத் தேவையே இல்லை என்பது என் கட்சி. ஆற்றுக் கூழாங்கல் போதும்.

என் டிரம் வீட்டில் செய்தது. 6 அங்குல பிவிசி பைப், 8 அங்குல நீளம், உள்ளே லாரி டியூப் ஒட்டியிருக்கிறேன். எனக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. கடையில் கிடந்த ஒரு டேபிள் ஃபேன் மோட்டாருக்குப் புல்லி போட்டு நிமிடத்துக்கு 40 சுற்றில் ஓட்டுகிறேன். இரவு பகலாக ஓடினாலும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 யூனிட்தான் இழுக்கிறது.

கல்லைச் சொல்ல வேண்டும். காங்கேயம் பக்கம் அம்மிச்சி வீட்டுக் காட்டில் மழைக்குப் பிறகு பொறுக்கிய வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) கொஞ்சம். வியாபாரியிடம் வாங்கிய சந்திரகாந்தக் கல் (மூன்ஸ்டோன்) கொஞ்சம். எல்லாம் சேர்த்து 1,200 கிராம். டிரம்முக்கு மூன்றரை கிலோவாவது வேண்டும். மீதி இடத்தை எதனால் நிரப்புவது என்பதுதான் கேள்வி. எல்லோரும் ‘மீடியா’ என்கிறார்கள். நான் கூட்டுக்கல் என்று எழுதுகிறேன், எனக்கு அது வசதி.

11 ஜூன், இரவு

ஏன் நிரப்ப வேண்டும், 1,200 கிராமை மட்டும் போட்டு ஓட்டினால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். டிரம்மில் மூன்றில் இரண்டு பங்கு, அதிகம் போனால் முக்கால் பங்கு நிறைந்திருக்க வேண்டும். அப்போதுதான் மேலே ஏறிய கல் சரிவில் வழுக்கிக்கொண்டு இறங்கும். காலியாக இருந்தால் கல் உயரத்திலிருந்து விழும். விழுந்தால் விளிம்பு சில்லு சில்லாகப் போகும், உள்ளே கீறல் ஓடும். முக்காலுக்கு மேல் போனால் எல்லாம் ஒரே கட்டியாகச் சேர்ந்து சுற்றும், தேய்மானமே இருக்காது.

வேகமும் இதோடு சேர்ந்ததுதான். 15 செ.மீ. உள் விட்டம் உள்ள டிரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 109 சுற்றில் ஓடினால் கல் சுவரோடு ஒட்டிக்கொண்டே சுற்றும், கீழே வராது. அதில் பாதிக்கும் குறைவாக வைத்துக்கொள்வது நல்லது. 40 எனக்குச் சரியாக இருக்கிறது.

25 ஜூன் 2023

முதல் நாள் எழுதியதில் பாதியைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.

நான் போட்ட கூழாங்கல் ஆற்றில் இறங்கி எடுத்தது அல்ல. வீடு கட்டும்போது ஆற்று மணலைச் சலித்து, மிஞ்சிய கல்லை மதில் ஓரமாகக் கொட்டி வைப்பார்களே, அது. எங்கள் தெருவில் பழைய குவியல் ஒன்று கிடந்தது. எம் சாண்ட் வந்தபிறகு அப்படிப்பட்ட குவியலைப் பார்ப்பதே அரிது. கழுவிச் சலித்து 2 கிலோ போட்டேன். 80 நம்பர் கார்பரண்டம் பொடி (தேய்க்கும் பொடி; 80, 220, 600 என்று நம்பர் ஏற ஏற நைசாகும்), தண்ணீர், 14 நாள்.

திறந்தால் செம்மண் குழம்பு. கூழாங்கல் என்று நான் நினைத்ததில் கால்வாசி சுக்காங்கல், கொஞ்சம் செம்பாறைத் துண்டு. இரண்டும் கரைந்து சேறாகிப் போயிருந்தன. சேறு கெட்டியானால் கார்பரண்டம் பொடி அதில் மிதந்துகொண்டு கிடக்கும், கல்லில் கடிக்காது. வெங்கச்சங்கல்லின் முனை 14 நாளில் மழுங்க வேண்டிய அளவில் பாதிகூட மழுங்கவில்லை.

ஆகவே ‘கூழாங்கல் போதும்’ என்றால் எந்தக் கூழாங்கல் என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். மெருகேற்றும் கல்லுக்குச் சமமான கடினம், அல்லது அதற்குப் பக்கத்திலாவது இருக்க வேண்டும். கல்லின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் வெங்கச்சங்கல் 7, சந்திரகாந்தக் கல் 6 முதல் 6.5 வரை. சுக்காங்கல் சுண்ணாம்புச் சத்து, 3 பக்கம்தான் வரும்.

2 ஜூலை 2023

மொசைக் சிப்ஸைப் போடாதீர்கள்.

பழைய தரை போடுகிற கடையில் வெள்ளை வெளேரென்று ஒரு மூட்டை இருந்தது. ஒரே அளவு, சுத்தம், விலையும் குறைவு. வெங்கச்சங்கல் உடைத்தது என்று நினைத்து 2 கிலோ வாங்கினேன். அது பளிங்கு. ஒரு வாரத்தில் டிரம் முழுவதும் பால். சிப்ஸ் பட்டாணி அளவிலிருந்து மிளகு அளவுக்கு வந்துவிட்டது.

3 ஜூலை 2023

எப்படி முன்கூட்டியே கண்டுபிடிப்பது என்று கேட்டவருக்கு: கத்தி முனையால் அழுத்திக் கீறுங்கள். பளிங்கில் கோடு விழும். வெங்கச்சங்கல்லில் கத்தியின் இரும்புதான் சாம்பல் நிறத்தில் ஒட்டும், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். இன்னொன்று, பாத்ரூம் ஆசிட் ஒரு சொட்டு. சுண்ணாம்புக் கல் என்றால் நுரைத்துப் பொங்கும். வெளியில் வைத்து, கையுறை போட்டுச் செய்யுங்கள்.

இன்னொரு விஷயம், இதைப் பலர் சொல்வதில்லை. சுண்ணாம்புக் கல்லும் சில உலோகத் தாதுக் கல்லும் மூடிய டிரம்முக்குள் வாயு விடக்கூடும். மூடி உப்பியிருந்தால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகித் திறங்கள். புதுக் கல் போட்டால் முதல் இரண்டு நாள் காலையும் மாலையும் திறந்து பார்த்துவிடுவது என் வழக்கமாகிவிட்டது.

20 ஜூலை 2023

பீங்கான் வேண்டும், ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டாம் என்று யோசித்தபோது என் தொழிலிலேயே ஒன்று கிடைத்தது. ஹீட்டர் கம்பியில் கோக்கும் சின்னப் பீங்கான் மணி. கடினம், வெள்ளை, உருண்டை. அரைக் கிலோ எடுத்துப் போட்டேன். 80 நம்பர் கட்டத்தில் அருமையாக வேலை செய்தது.

கெட்டது 600 நம்பரில். ஒவ்வொரு மணிக்கும் நடுவில் துளை இருக்கிறது. துளைக்குள் 80 நம்பர் பொடி போய் அடைந்து, எவ்வளவு கழுவினாலும் நாலு குருணை உள்ளேயே தங்கியிருக்கிறது. 600-இல் ஓடும்போது ஒவ்வொன்றாக வெளியே வந்து, பளபளக்க ஆரம்பித்த கல்லில் கோடு போட்டுவிட்டது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும், நகக்கீறல் போல. ஒரே ஒரு கரட்டுக் குருணை போதும், ஒரு வார மெருகு போய்விடும். 220-க்குத் திரும்பிப் போய் மறுபடி ஆரம்பித்தேன்.

துளை, பள்ளம், நுண்ணிய வெடிப்பு உள்ள எதுவும் கூட்டுக்கல்லுக்கு ஆகாது. அந்த மணிகளை 80 நம்பருக்கு மட்டும் என்று தனி டப்பாவில் வைத்திருக்கிறேன்.

9 ஆகஸ்ட் 2023

இரண்டு வாரமாக யோசித்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

ஆரம்பத்தில் இதை இடம் அடைக்கும் சமாச்சாரம் என்றுதான் நினைத்திருந்தேன். நிரப்புவதற்குத்தானே, எதுவாக இருந்தால் என்ன என்று. இப்போது என் எண்ணம் தலைகீழ். கல்லைத் தேய்ப்பது பொடி. பொடியைக் கல்லிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது கூட்டுக்கல். பெரிய கல்லும் பெரிய கல்லும் உரசினால் தொடும் இடம் இரண்டு மூன்று புள்ளிதான். நடுவில் சின்னது இருந்தால் தொடும் இடம் நூறாகிறது. அதனால்தான் எல்லாமே ஒரே அளவுப் பெரிய கல்லாகப் போட்டால் வாரக்கணக்கில் ஓடியும் ஒன்றும் நடப்பதில்லை.

இரண்டாவது, குழி. கல்லில் உள்ள குழிக்குள் பெரிய கல் நுழையாது. 3 மி.மீ. உருண்டை நுழையும். ஆனால் குழியின் அகலமும் உருண்டையின் அகலமும் ஒன்றாக இருந்தால் போய் மாட்டிக்கொள்ளும். வெங்கச்சங்கல் ஒன்றில் அப்படி மாட்டியதை ஊசியால் நெம்பி எடுக்க அரை மணி ஆனது. ஆகவே ஒரே அளவு வேண்டாம், 3 மி.மீ.யும் 6 மி.மீ.யும் கலந்து போடுங்கள். பெரிய கல் நிறைய இருந்தால் 10 மி.மீ.யும் கொஞ்சம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். மெத்தை. சந்திரகாந்தக் கல் ஃபெல்ட்ஸ்பார் வகை. அதற்குள் ஏறக்குறைய செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் இரண்டு பிளவுத் தளங்கள் உண்டு. அடி விழுந்தால் அந்தத் தளத்தில் விறகு பிளப்பதுபோல் பிளக்கும். மேலே இருக்கும் நீல ஒளி உள்ளே படிந்த மெல்லிய அடுக்குகளிலிருந்து வருவது. விளிம்பில் ஒரு சில்லு போனாலும் கண் அங்கேதான் போகும். வெங்கச்சங்கல்லுக்குப் பிளவுத் தளம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை, அது தாங்கும். இரண்டையும் ஒரே டிரம்மில் போட்டது என் தவறு. கடினம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று நினைத்தேன். அடி தாங்குவது வேறு கணக்கு.

இனிமேல் சந்திரகாந்தக் கல் தனியாக ஓடும். கூட்டுக்கல் பாதிக்கு மேல்.

10 ஆகஸ்ட்

பொடி அளவு கேட்டவர்களுக்கு: கரட்டுக் கட்டத்தில் கல் எடையில் பத்தில் ஒரு பங்கு போடுகிறேன். 3.5 கிலோவுக்கு 350 கிராம். தண்ணீர் மேல்வரிசைக் கல்லின் அடிவரை வந்தால் போதும். தோசை மாவுப் பதத்துக்குச் சேறு வரும், அதுதான் நல்ல பதம்.

சேற்றைக் கழுவு தொட்டியில் ஊற்றாதீர்கள். பைப்பில் போய் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். நான் பக்கெட்டில் தெளியவிட்டு, மேல் தண்ணீரை வடித்து, அடியில் இருப்பதைப் பழைய சாக்கில் உலர்த்திக் கட்டி வைக்கிறேன்.

27 ஆகஸ்ட் 2023

கோலிக்குண்டு போடலாமா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கண்ணாடியின் கடினம் 5.5 பக்கம். வெங்கச்சங்கல்லோடு ஓடினால் தேயும், பிறை வடிவில் சில்லு பெயரும். அந்தச் சில்லு கத்திபோல் இருக்கும், கழுவும்போது கையைக் கிழிக்கும். கல்லில் கோடு போடுமா என்றால், 7 கடினக் கல்லில் போடாது, 6 கடினக் கல்லிலும் போட வாய்ப்பு குறைவு. ஆனாலும் வேண்டாம்.

மீன் தொட்டிக்குப் போடும் கலர் கல்லும் வேண்டாம். மேலே பூசிய வண்ணம் உரிந்து குழம்போடு கலந்துவிடும்.

16 செப்டம்பர் 2023

டிரம், மோட்டார், கார்பரண்டம் எதுவும் இல்லாத காலத்தில் எப்படிச் செய்தார்கள் என்று தேடிக்கொண்டிருந்தேன். குஜராத்தில் காம்பத் என்ற ஊர். சூதுபவளமும் (செந்நிறக் கார்னீலியன் கல்) அகேட்டும் அங்கே தலைமுறை தலைமுறையாக மணியாகிறது. கல் ராஜ்பிப்லா மலைப் பக்கத்திலிருந்து வரும். அங்கே பழைய முறை என்னவென்றால், மணிகளைத் தோல் பையில் போட்டு, குருந்தப் பொடியும் (கடினமான தேய்க்கும் பொடி) அதே கல்லின் நைஸ் தூளும் தண்ணீரும் சேர்த்துக் கட்டி, இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்து அந்தப் பையை மாறி மாறி உருட்டுவார்கள். பத்துப் பதினைந்து நாள் உருட்டுவார்கள். சிந்துவெளி மணிகளை ஆராய்ந்த மார்க் கெனோயர் இந்தக் காம்பத் வேலையைக் கிட்ட இருந்து பார்த்து எழுதியிருக்கிறார்.

இதில் என்னை நிறுத்தியது ஒன்றுதான். அவர்கள் வெளியிலிருந்து கூட்டுக்கல் கொண்டுவரவில்லை. மணிக்கு மணியே துணை, கூடவே அதே கல்லின் தூள். தோல் சுவர் மெத்தை. என் பிவிசி டிரம்மில் லாரி டியூப் ஒட்டியது எனக்கு வந்த யோசனை என்று நினைத்திருந்தேன். இரண்டு பேர் எப்போதோ ஆட்டுத் தோலில் அதைச் செய்து முடித்துவிட்டார்கள்.

அந்த ஊரைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லாமல் விடக்கூடாது. காம்பத்தில் அகேட் சாணை பிடித்தவர்கள் பலர் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயில் விழுந்திருக்கிறார்கள். கல் தூள் மூச்சில் போய் நுரையீரலில் வடுவாகத் தங்கிவிடும், திரும்பாது. நம் டிரம்முக்குள் எல்லாம் ஈரம், ஆபத்து குறைவு. உலர்ந்த சேற்றைக் கொட்டும்போதும், கல்லைச் சுத்தியலால் உடைக்கும்போதும், கிரைண்டரில் வெட்டும்போதும்தான் தூள் பறக்கும். தண்ணீர் தெளித்துக்கொண்டு செய்யுங்கள். கைக்குட்டை போதாது, நல்ல மாஸ்க் போடுங்கள். பொழுதுபோக்குக்குச் செய்கிற நமக்கு அவசரம் எதுவும் இல்லை.

24 செப்டம்பர் 2023

மேலே எழுதியதன் தொடர்ச்சியாக ஞாயிற்றுக்கிழமை கொடுமணல் போய்வந்தேன். நொய்யல் கரை, எங்களுக்குப் பக்கம்தான். அங்கே அகழாய்வில் மணி செய்த பட்டறைகளின் அடையாளம் கிடைத்திருக்கிறது. படிகம், பெரில், சூதுபவளம், அமெதிஸ்ட் எல்லாம் உண்டு. முடிந்த மணி, பாதி செய்த மணி, துளை போடும்போது உடைந்த மணி, வெட்டி எறிந்த சில்லு வரை. பெரில் கல் படியூரிலிருந்து வந்திருக்கும், சூதுபவளம் குஜராத் பக்கமிருந்து வந்திருக்கும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. படியூர் எங்கள் காட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்.

ஊரில் பார்ப்பதற்கு இப்போது பெரிதாக ஒன்றும் இல்லை, காடும் கல்வட்டமும்தான். அரை மணி சும்மா நின்றுவிட்டு வந்தேன். கூட்டுக்கல்லுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான். எழுத வேண்டும் போலிருந்தது.

8 அக்டோபர் 2023

கிடைத்துவிட்டது!

ஒரு சாயப்பட்டறையில் மோட்டார் கழற்றப் போயிருந்தேன். தண்ணீர் சுத்திகரிக்கும் டேங்குக்குப் பக்கத்தில் மூட்டை மூட்டையாகக் கூழாங்கல். ஒரே அளவு, ஒரே நிறம், எல்லாம் வழவழப்பு. “இது என்னங்கண்ணா?” என்று கேட்டால், “ஃபில்டர் கல்லுங்க, டேங்குக்கு அடியில போடறது” என்றார் அங்கே இருந்தவர். மணல் ஃபில்டருக்கு அடியில் தாங்கலாகப் போடும் சிலிகாக் கூழாங்கல். தண்ணீரில் கரையக் கூடாது, ஆசிடுக்கும் அசையக் கூடாது என்பதால் அதில் சுண்ணாம்புக் கல் இருக்காது. சலித்து அளவு பிரித்தே விற்கிறார்கள், 3 முதல் 6 மி.மீ., 6 முதல் 12 மி.மீ. என்று. போர் தண்ணீர் ஃபில்டர் மாட்டித் தரும் எந்தக் கடையிலும் கேட்டால் வரவழைத்துத் தருவார்கள்.

ஒரு கைப்பிடி வாங்கிவந்து கத்தி, ஆசிட் இரண்டும் பார்த்தேன். நுரை இல்லை, கோடு இல்லை. மறுநாளே சின்ன அளவில் ஒரு மூட்டை. இப்போது டிரம்மில் ஓடிக்கொண்டிருக்கிறது.

29 அக்டோபர் 2023

ஃபில்டர் கல் கணக்கு. 80 நம்பரில் 14 நாள்: 2,000 கிராம் போட்டேன், கழுவி உலர்த்தி நிறுத்தால் 1,760. அதாவது 240 கிராம் கூட்டுக்கல்லே தேய்ந்து போயிருக்கிறது. அதைத் தேய்க்கவும் என் பொடிதானே செலவானது? கூழாங்கல் விலை மலிவு, ஆனால் கார்பரண்டத்தில் தன் பங்கைத் தின்றுவிடுகிறது. இது முதலில் என் மண்டையில் ஏறவில்லை. விலையை மூட்டையில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருந்தாலும் கரட்டுக் கட்டத்துக்கு இதுவே சரி. வெங்கச்சங்கல் முனைகள் நன்றாக உருண்டுவிட்டன.

19 நவம்பர் 2023

பிளாஸ்டிக் குருணை பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். போட்டுப் பார்த்தேன். மோல்டிங் பட்டறையில் கிடைக்கும் பாலிஎதிலீன் குருணை, துவரம்பருப்பு அளவு. மெத்தை என்ற ஒரு வேலைக்கு இதைப்போல் எதுவும் இல்லை. சந்திரகாந்தக் கல்லில் ஒரு சில்லுகூடப் பெயரவில்லை.

ஆனால் தண்ணீரைவிட இலகு. குழம்பு நீர்த்திருந்தால் குருணை மேலே மிதக்கும், கல் அடியில் தனியாக முட்டிக்கொள்ளும். குழம்பு கெட்டியாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டால் கெட்டிப்படும் என்று வெளிநாட்டில் செய்கிறார்கள், அது சரியாக வருகிறது. நான் முதலில் வீட்டில் இருக்கிறதே என்று சோற்றுக் கஞ்சி ஊற்றினேன். மூன்றாம் நாள் புளித்து மூடி உப்பிவிட்டது. கஞ்சி வேண்டாம்.

இன்னொரு தொல்லை, பிளாஸ்டிக் மெத்தென்று இருப்பதால் பொடி அதற்குள் குத்தி உட்கார்ந்துகொள்ளும். ஒரு நம்பருக்குப் போட்டது அந்த நம்பருக்கு மட்டும்தான். 600-க்கு ஒரு டப்பா, மெருகுக்கு ஒரு டப்பா, மூடியில் பெயின்ட்டால் நம்பர் எழுதிவிடுங்கள்.

3 டிசம்பர் 2023

பிளாஸ்டிக்கை நிறுத்திவிட்டேன். கழுவிய தண்ணீரை ஒரு வெள்ளைத் துணியில் வடித்துப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிகிற துருவலே அவ்வளவு இருந்தது. நான் கழுவுகிற தண்ணீர் தென்னைக்குப் போகிறது. கல் பளபளப்பதற்காகக் காட்டில் பிளாஸ்டிக் தூவ எனக்கு மனமில்லை. போடுகிறவர்களைக் குறை சொல்லவில்லை, வடிகட்டி எடுத்துவிட முடிந்தால் போடுங்கள்.

17 டிசம்பர் 2023

கடைசியில் பீங்கானுக்கே வந்துவிட்டேன். முதல் நோட்டில் ‘தேவையே இல்லை’ என்று எழுதியிருந்தேனே, அதை அழிக்காமல் விடுகிறேன், புதிதாக வருகிறவர்கள் இதுவரை படித்து வரட்டும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகங்களுக்குப் பிசிறு எடுக்க வைப்ரேட்டர் வைத்திருப்பார்கள். அதற்குப் பீங்கான் துண்டு விற்கிற கடைகள் உண்டு. ஒரு கடையில் 2 கிலோ வாங்கினேன், சின்ன முக்கோணம், சாம்பல் நிறம். 600 நம்பரில் போட்டு எடுத்தால் கல் முழுவதும் மூடுபனி. அது இரும்பைத் தேய்ப்பதற்காகவே உள்ளே கரட்டுப் பொடி கலந்து சுட்டது. கடைக்காரர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பீங்கானில் இரண்டு ஜாதி என்று தெரிந்துகொள்ளுங்கள். தேய்க்கிற பீங்கான், தேய்க்காத பீங்கான். நமக்கு வேண்டியது இரண்டாவது. வெள்ளையாக, நகத்தை ஓட்டினால் வழுக்குகிற மாதிரி இருக்க வேண்டும்.

அதே தெருவில் இன்னொரு கடையில் அது கிடைத்தது. 3 மி.மீ.யும் 6 மி.மீ.யும் தலா 1 கிலோ. கூழாங்கல்லைவிடப் பல மடங்கு விலை.

7 ஜனவரி 2024

புதுப் பீங்கானை நேரே மெருகுக் கட்டத்தில் போடாதீர்கள். வெட்டிய விளிம்பு கூராக இருக்கும். வெறும் வெங்கச்சங்கல்லோடு 220 நம்பரில் ஒரு வாரம் ஓட்டி விளிம்பை மழுக்கிவிட்டு, பல் துலக்கும் பிரஷ் போட்டுக் கழுவி, அப்புறம்தான் மேல் கட்டத்துக்கு. வழவழவென்று ஆகிவிட்டால் நன்றாகக் கழுவி எந்தக் கட்டத்துக்கும் மாற்றலாம் என்கிறார்கள். ஹீட்டர் மணியில் சூடுபட்டவன் என்பதால் நான் மெருகுக்கு மட்டும் தனியாக வைத்திருக்கிறேன்.

தேய்மானம்: 1,000 கிராம் நாலு வாரத்துக்குப் பிறகு 960. ஃபில்டர் கல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

21 ஜனவரி 2024

உமி. இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதுகிறேன்.

வெளிநாட்டில் வால்நட் ஓட்டுத் தூள், மக்காச்சோளக் கட்டைத் தூள் போட்டு உலர்வாக மெருகேற்றுகிறார்கள். நமக்கு அதற்கு ஈடாக உமி இருக்கிறது. உமியை எரித்தால் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும், அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிகாதான். உமிக்கரியில் பல் துலக்கியதும் பித்தளை துலக்கியதும் அதனால்தான். பொங்கலுக்கு அம்மிச்சி வீட்டில் குத்துவிளக்கு துலக்கும்போதுதான் இந்த யோசனை வந்தது. மெருகு முடிந்த வெங்கச்சங்கல்லை உமியும் அரை ஸ்பூன் சீரியம் ஆக்சைடும் போட்டு உலர்வாக 4 நாள் ஓட்டினேன். பளபளப்பு ஒரு படி ஏறியது உண்மை. கண்ணாடிக் கடையில் கீறல் எடுக்கப் பயன்படுத்துகிற அதே இளஞ்சிவப்புப் பொடிதான் சீரியம் ஆக்சைடு.

ஈரத்தில் உமி வேண்டாம், இரண்டே நாளில் நாற்றமும் நுரையும். உலர்வாக ஓட்டினால் திறக்கும்போது தூள் எழும், மாஸ்க் பற்றி மேலே சொன்னதை மறக்காதீர்கள். புளியங்கொட்டையும் பார்த்தேன், கறை விட்டுக் கல்லின் கீறலில் பழுப்பாக ஏறிக்கொண்டது. வெள்ளைக் கல்லுக்கு அது கூடவே கூடாது.

4 பிப்ரவரி 2024

என் மாமா மகள், ஆறாம் வகுப்பு, டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். “மச்சான், உள்ளே மழை பெய்யற மாதிரி இருக்கு” என்றாள். உண்மைதான். நல்ல நிறைவில், நல்ல குழம்பில் ஓடினால் சடசடவென்ற ஒரே சீரான சத்தம் வரும். டொக் டொக்கென்று தனித்தனியாகக் கேட்டால் கல் விழுகிறது, கூட்டுக்கல் போதாது. சத்தமே இல்லை என்றால் இறுகிவிட்டது. நான் இப்போது திறந்து பார்ப்பதற்கு முன்னால் காதை வைத்துத்தான் பார்க்கிறேன். இதை முதல் நாளே எழுதியிருக்கலாம், அவள் சொல்லித்தான் புரிந்தது.

25 பிப்ரவரி 2024

சந்திரகாந்தக் கல், இரண்டாவது முறை. 900 கிராம் கல். 80 நம்பருக்கு ஃபில்டர் கல் 2,200 கிராம், 10 நாள் மட்டும். 220-க்கு அதே ஃபில்டர் கல்லில் நன்றாக உருண்டதை மட்டும் பொறுக்கிப் போட்டு 10 நாள். 600-க்கும் மெருகுக்கும் பீங்கான் 2 கிலோ முழுவதும். இடம் மீதியிருந்ததை நிரப்ப, ஏற்கெனவே மெருகேறிய வெங்கச்சங்கல். புல்லி மாற்றி வேகத்தை 32 சுற்றாகக் குறைத்தேன். மெருகுக்கு நைஸ் அலுமினியம் ஆக்சைடு, இரண்டு ஸ்பூன் சர்க்கரை. நடுவில் ஒரு இரவு மின்தடை. 4 மணி நேரம் நின்றதில் குழம்பு இறுகியிருந்தது. கையால் உருட்டி இளக்கிவிட்டு ஓட்டினேன்.

நேற்று இரவு திறந்து, சோப்புத் துருவல் போட்டு 2 மணி நேரம் ஓட்டிக் கழுவினேன். 41 கல்லில் 3 பிளந்திருக்கின்றன. முதல் முறை பாதிக்குப் பாதி போயிருந்தது.

காலையில் வாசல் திண்ணையில் கறுப்புத் துணி விரித்து வைத்தேன். ஒவ்வொன்றையும் விரலால் சாய்க்கச் சாய்க்க நீல ஒளி ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போகிறது. அம்மிச்சி ஒன்றை எடுத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது நம்ம காட்டுக் கல்லா?” என்றார். வியாபாரியிடம் வாங்கியது என்று சொன்னேன். “நம்ம காட்டிலயும் இருக்கும், கிழக்கே வரப்புக்கிட்ட பாரு” என்று இடம் சொன்னார். அடுத்த மழைக்குப் போகிறேன்.